ஆஸ்டினுக்கு விலை வைத்த நாள்

கரட்டூர்ச் சந்தைத் தெருவுக்குள் அந்தப் பாலாடை நிற ஆஸ்டின் கார் நுழைந்தால், அது மறுமுனையைத் தாண்டிப் போகும்வரை நாங்கள் யாரும் எதற்கும் விலை சொல்ல மாட்டோம். யாரும் போட்ட சட்டமில்லை, எங்கும் போர்டு எழுதி மாட்டியதுமில்லை, ஆனாலும் வளைவில் அதன் ஹாரன் கேட்டதும் தக்காளிக்காரர் தன் கூவலைப் பாதியில் விழுங்கிவிடுவார், மீன்காரம்மா தராசைத் தொங்கவிட்டபடி வானத்தைப் பார்ப்பார், நகைக்கடைக்காரர் ஓடிப்போய் ஒலிபெருக்கியின் வயரைப் பிடுங்குவார், பஸ் கண்டக்டர்கூட டிக்கெட்டைக் கிழித்துக் கையில் கொடுத்துவிட்டு மிச்சத்தைக் கண்ணாலேயே பேசிக்கொள்வார். வெளியூர்க்காரர் யாராவது விவரம் தெரியாமல் கிலோ என்ன விலை என்று கேட்டுவிட்டால் நாலு பேர் சேர்ந்து அவர் வாயைப் பொத்துவோம். மரியாதையாகத்தான் பொத்துவோம்.

காரணம் சொல்லாவிட்டால் எங்களைப் பைத்தியக்காரர்கள் என்பீர்கள். அந்தக் காருக்குக் காது உண்டு. பக்கத்தில் யார் எதற்கு விலை சொன்னாலும் அதைத் தன் விலை என்று எடுத்துக்கொள்ளும், எடுத்துக்கொண்டு அந்த விலைக்குத் தக்கபடி சிறுத்தோ பெருத்தோ போகும். தக்காளி மலிந்து கிடந்த ஒரு காலத்தில், கூடையோடு அள்ளிக்கொண்டு போங்கள் என்று கூவி அடிமாட்டு விலை ஒன்றைச் சொன்னார் தக்காளிக்காரர், அதைக் கேட்டு ஆஸ்டின் நடுத்தெருவில் அப்படியே குறுகிப்போக, உள்ளே ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த வசந்தாமணியின் முழங்கால் காதோடு ஒட்டிக்கொண்டது, அவளைப் பலாச்சுளை எடுப்பதுபோல ஜன்னல் வழியாகப் பிதுக்கி எடுத்தோம். பிறகொரு நாள் நகைக்கடை வாசலில் பவுன் விலையைக் கேட்டு உப்பி இரண்டு பக்கக் கடைகளுக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது, அன்றைக்குப் பஸ்ஸெல்லாம் ஊரைச் சுற்றிப் போயிற்று. விலைப்பேச்சு ஓய்ந்தால் மெல்ல மெல்லத் தன் அளவுக்குத் தானே திரும்பிவிடும். மற்றவற்றின் விலை கேட்கத்தான் அது பக்கத்தில் இருக்க வேண்டும், தன் சொந்த விலை என்றால் எங்கே பேசினாலும் அதற்குக் கேட்டுவிடும்.

எதனால் இப்படி ஆயிற்று என்று கேட்பவர்களுக்கு ஊரில் ஆளுக்கொரு பதில் இருக்கிறது. வால்பாறை எஸ்டேட்டிலிருந்து அதை வாங்கிவந்த ஆறுக்குட்டி, மலையிறக்கத்தில் கோயிலுக்குக் காசு முடிய மறந்துவிட்டார் என்பார்கள் சிலர். எனக்கு அதிலெல்லாம் அக்கறையில்லை. பல்லி ஏன் சுவரில் ஒட்டிக்கொள்கிறது என்று தெரிந்துகொண்டா நாம் வீட்டில் குடியிருக்கிறோம்? நான் கல்யாணக் கார்களுக்குப் பூ அலங்காரம் செய்கிறவன், ஆஸ்டினுக்கு முன்னால் கதம்பம் என்ன விலை என்று கேட்காமலிருந்தால் போதும் எனக்கு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தச் சந்தை அமைதி எங்களுக்குப் பழகிப்போய், பிறகு பிடித்தும் போயிற்று. கார் கடக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில் கத்தரிக்காய் வெறும் கத்தரிக்காயாக, ஊதா நிறமாக, மினுமினுவென்று கிடக்கும், அதை எடுத்துப் பார்க்கிற கை அவசரப்படாமல் பார்க்கும், விற்கிறவரும் வாங்குகிறவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, அட, உங்கள் மகனுக்குக் காய்ச்சல் என்றார்களே, இப்போது எப்படி என்று விசாரிப்பார்கள். கார் போன பிறகு பழைய சத்தம் திரும்பும். திரும்பும்போது கொஞ்சம் வெட்கத்தோடு திரும்பும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

காரின் சொந்தக்காரி வசந்தாமணி. ஆறுக்குட்டியின் மகள், நாற்பதைத் தாண்டியவள், கல்யாணம் ஆகாதவள். அப்பா போன பிறகு அந்த ஆஸ்டினை அவளே ஓட்டி, அவளே துடைத்து, கல்யாணங்களுக்கு வாடகைக்கு விட்டுப் பிழைக்கிறாள். ஊரில் எந்தப் பெண் மண்டபத்துக்குப் போனாலும் அந்தக் காரில்தான் போவாள். ஆனால் அதைவிடப் பெரிய காரியம் ஒன்று அந்தக் காரில் நடந்தது, அது யாரும் திட்டம் போட்டு நடந்ததில்லை.

ஒரு மழை நாளில் சம்பந்தம் பேச வந்த மாப்பிள்ளை வீட்டுக்காரரும் பெண்ணின் அப்பாவும் ஒதுங்க இடமில்லாமல் மாரியம்மன் கோயில் வாசலில் நின்ற ஆஸ்டினின் பின் சீட்டில் உட்கார்ந்து பேச்சைத் தொடங்கினார்கள். மாப்பிள்ளையின் அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு இத்தனை பவுன் என்று ஆரம்பித்ததும் கார் உப்பியது, சீட்டு நீண்டது, இருவரும் வழுக்கிக்கொண்டு ஆளுக்கொரு மூலைக்குப் போய்விட்டார்கள், ஒருவர் சொல்வது ஒருவருக்குக் கேட்கவில்லை. பெண்ணின் அப்பா தன்னால் முடிந்த சீரை ஈனசுரத்தில் சொன்னார், கார் சுருங்கியது, இரண்டு பேரும் தோளோடு தோள் நசுங்கி மூச்சு முட்டிப்போனார்கள். வேறு வழியில்லாமல் மற்றதைப் பேசினார்கள். பையனுக்குக் கோபம் வந்தால் எவ்வளவு நேரம் இருக்கும், பெண்ணுக்குப் புளிப்பு ஆகுமா, கல்யாணத்துக்குப் பிறகு அவள் வேலைக்குப் போனால் சமையல் யார் என்று பேசிப் பேசி மழை விடுவதற்குள் சம்பந்தம் முடிந்துவிட்டது. இறங்கிய பிறகுதான் பவுன் பேசவில்லை என்பது ஞாபகம் வந்தது, அப்போது வெற்றிலை மாற்றியாயிற்று.

அதிலிருந்து பெண்ணைப் பெற்றவர்கள், கையில் வசதி குறைந்தவர்கள், சம்பந்தம் பேச ஆஸ்டினைத்தான் கேட்டார்கள். பையன் வீட்டாரில் முணுமுணுத்தவர்கள் இருந்தார்கள். ஆனால் அந்தக் காரில் பேசச் சம்மதிக்காத வீட்டுக்குப் பெண் கொடுக்க ஊரே யோசித்தது, அதனால் முணுமுணுத்துக்கொண்டே ஏறி உட்கார்ந்தார்கள். சம்பந்தப் பேச்சுக்கு வசந்தாமணி வாடகை வாங்க மாட்டாள். முன் சீட்டில் அமர்ந்து, கண்ணாடியைக்கூடப் பார்க்காமல், ரோட்டைப் பார்த்தபடி இருப்பாள்.

இப்படி இருக்கும்போதுதான் பக்கத்துத் தோட்டத்துத் தென்னை ஒன்று காற்றில் சாய்ந்து, ஆஸ்டின் நிற்கிற ஷெட்டுக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தது. திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கிற அவள் தம்பி மயில்சாமி சேதி கேட்டு ஓடிவந்தான். கார் அப்பா இரண்டு பேருக்கும் பொதுவில் விட்டுப்போனது. அவன் கெட்டவன் இல்லை, தொழிலில் அடி வாங்கியிருந்தான், அவ்வளவுதான்.

"அக்கா, ஒரு முழம் இந்தப்பக்கம் உழுந்திருந்தா உனக்கும் இல்ல எனக்கும் இல்ல. பழைய வண்டி சேக்கறவரு ஒருத்தரு பெங்களூர்ல கேட்டுட்டே இருக்காரு. ஒண்ணு அவருக்குக் குடுத்தர்லாம், இல்லீன்னா அதும்பட நெச மதிப்புக்கு இன்சூரன்ஸ் போடு. தை பொறக்கறதுக்குள்ள ரெண்டுல ஒண்ணு பண்ணோணும்."

"போடறேன் கண்ணு. ஊரு புள்ளைகளுக்கு அது வேணும்," என்றாள் வசந்தாமணி.

சொல்லிவிட்டாள், ஆனால் இன்சூரன்ஸ் என்றால் மதிப்புச் சொல்ல வேண்டும், மதிப்பு என்றால் விலை. புது வண்டிகளுக்கு வருஷம் கூடக்கூட மதிப்பு இறங்கும், அதற்குக் கணக்கு இருக்கிறது. ஆஸ்டின் மாதிரி வண்டிக்கு அந்தக் கணக்கு ஆகாது. கம்பெனியின் ஆளும் சொந்தக்காரரும் வண்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசி, இரண்டு பேரும் ஒத்துக்கொள்கிற ஒரு மதிப்பை வைக்க வேண்டும், நாளைக்கு வண்டிக்கு ஏதாவது ஆனால் வாக்கு மாறாமல் அதைக் கொடுப்பார்கள். பேசாமல் எப்படி ஒத்துக்கொள்வது?

முதலில் வந்த மதிப்பீட்டாளர் அவசரக்காரர். நாங்கள் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் பானட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டபடி, இந்தப் பழைய இரும்புக்கு என்று ஆரம்பித்து ஒரு தொகையைச் சொன்னார். பானட் அவர் கழுத்தைச் சுற்றிச் சுருங்கியது. பயத்தில் தொகையைக் கூட்டினார், இன்னும் கூட்டினார், கடைசியில் என்ன சொல்கிறோம் என்றே தெரியாமல் ஏதோ ஒரு கோடியைச் சொன்னார், ஆஸ்டின் வீங்கி ஷெட்டின் கூரைத் தகட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தது. அவரை விடுவித்துக் காபி கொடுத்தோம். குடித்துவிட்டு, காருக்கு முதுகைக் காட்டாமல் பின்னோக்கியே நடந்து பஸ் ஏறிப் போய்விட்டார்.

மறுநாள் கார் தன் அளவுக்கு வந்தது. ஆனால் அடியில் குனிந்து பார்த்த மெக்கானிக் முகம் சரியில்லை. சேஸில் ஒரு விரிசல் ஓடியிருந்தது.

"இரும்பும் எத்தனதானுங்க்கா தாங்கும்? இன்னொருக்கா இப்படிப் பெருசாச் சுருங்கி விரிஞ்சா நடுவுல முறிஞ்சிரும். அப்பறம் ஆராலயும் ஒண்ணும் பண்ண முடியாது," என்றார்.

அன்று சாயங்காலம் வசந்தாமணி என் கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்து, ஒரு பந்து மல்லிகையை மடியில் வைத்துக்கொண்டு, கட்டாமலே இருந்தாள். விலை வைக்காவிட்டால் கார் பெங்களூர் போய்விடும். வைக்கப்போனால் முறிந்துவிடும். எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது, ஒரு முழம் பூவை அவள் கையில் கொடுத்தேன்.

இரண்டாவதாக வந்த மதிப்பீட்டாளர் ரெஜினா என்ற பெண். கோயமுத்தூரிலிருந்து ஸ்கூட்டரிலேயே வந்து ஹெல்மெட்டைக் கழற்றியதும், ஷெட் வாசலில் நின்ற எங்கள் ஆட்கள் அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, சார் வரலீங்களா என்று கேட்டார்கள். போகிற ஒர்க்ஷாப்பிலெல்லாம் அதைக் கேட்டுப் பழகியவள் போல, "நான்தாங்க சார்," என்று சொல்லிவிட்டு, தரையில் சாக்கை விரித்து மல்லாந்து படுத்துக் காருக்கு அடியில் போய்விட்டாள். வெளியே வந்தபோது கன்னமெல்லாம் கிரீஸ். இன்ஜின் பழையதுதான், மாற்றவில்லை, கதவுப் பிடியும் டேஷ்போர்டும் பிறந்த அன்று வந்தவை, சீட்டுத் தோல் மட்டும் பின்னால் தைத்தது, விரிசலை வெல்டு வைத்துவிடலாம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். எந்த இடத்திலும் தொகை என்று வாய் தவறவில்லை. எங்களுக்கு அப்போதே அவளைப் பிடித்துவிட்டது.

"கேக்கறேன்னு தப்பா நெனச்சுக்காதீங்," என்றார் கூட்டத்தில் ஒருவர், "ஏதோ ஒரு தொகையப் போட்டுட்டுப் போங்களே, ஆருக்குத் தெரியப்போகுது?"

"கூடப் போட்டா கம்பெனிய ஏமாத்தறேன். குறைச்சுப் போட்டா இந்த அக்காவ ஏமாத்தறேன். ரெண்டும் என்னால ஆகாதுங்க," என்றாள் ரெஜினா.

பேசாமல் எழுதிப் பார்க்கலாம் என்று அவளே யோசனை சொன்னாள். ஒரு தாளில் எண்ணை எழுதி மடித்து வசந்தாமணியிடம் நீட்டினாள். வசந்தாமணி உதட்டை இறுக்கிக்கொண்டுதான் பிரித்தாள், ஆனால் ஓர் எண்ணைப் பார்த்துவிட்டு நாக்கை அசைக்காமல் இருக்க மனுஷரால் முடியுமா, நீங்களே சோதித்துப் பாருங்கள், வாய்க்குள் அது தானாகப் படித்துவிடும். ஆஸ்டினுக்கு அந்த நாக்கசைவும் கேட்டது. முனகிக்கொண்டு ஒரு சாண் குறுகியது, அடியில் விரிசல் படக்கென்று நீண்ட சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. வசந்தாமணி தாளைக் கசக்கி எறிந்துவிட்டு இரண்டு கையாலும் காரின் மட்கார்டைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் மாட்டுத் தரகர் சடையப்பன் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகம் துடைத்தார், அதைப் பார்த்த எங்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஒரே எண்ணம் வந்தது. எங்கள் ஊர் மாட்டுச் சந்தையில் விலையை வாயால் பேசுகிற பழக்கம் கிடையாது. தரகர் துண்டைப் போட்டு மூட, விற்கிறவர் கையும் வாங்குகிறவர் கையும் அதற்கடியில் சேரும். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, சேர்த்துப் பிடித்தால் அத்தனை, பாதி விரலைத் தொட்டால் அரை, லட்சமா ஆயிரமா என்பது மாட்டைப் பார்த்தாலே தெரியும். மேலே மழை வருமா, தீவனம் கிடைக்குதா என்று சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார்கள், கீழே விரல்கள் மல்லுக்கட்டும். தோல் உணர்கிற எண்ணுக்கு நாக்கு அசைவதில்லை, பக்கத்தில் நிற்கிற மாட்டுக்குக்கூடத் தன் விலை தெரியாது.

சடையப்பன் துண்டைத் திரும்பத் தோளில் போட்டுக்கொண்டார்.

"என்னையப் பாக்காதீங்க. பொம்பளைங்க கை துண்டுக்குள்ள போன வழக்கமே இல்ல. சந்தைக்கு ஆகாதுங்."

"மாட்டுக்கு ஆகாதுன்னாச் சரிங்ணா," என்றாள் வசந்தாமணி. "இது ஆஸ்டின்."

"துண்டு ஒண்ணுதானே அம்மிணி, நாளைக்கு அதையேதானே சந்தையில போடோணும்."

ரெஜினா தன் துப்பட்டாவை எடுத்து உதறி, இரட்டையாக மடித்து, தன் வலது கை மேல் போட்டுக்கொண்டாள். சிவப்பில் வெள்ளைப் பூப்போட்ட துப்பட்டா. அதைப் பார்த்துச் சடையப்பன் எங்கேயாவது போய்விடுவார் என்று நினைத்தோம், போகவில்லை. ரெஜினாவுக்கு விரல் பாஷையை என் கடை பெஞ்சில், காருக்குக் கேட்காத தூரத்தில், வசந்தாமணிதான் சொல்லிக்கொடுத்தாள். ஒரு தடவை ரெஜினா அரையை முக்காலாகப் பிடித்ததும், தூரத்தில் நின்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்த சடையப்பன் தாங்கமாட்டாமல் ஓடிவந்து, "அப்படிப் புடிச்சாச் சண்டதான் வரும், கணுவுக்கு மேல தொடோணும்," என்று திருத்திவிட்டு மறுபடியும் தூரமாகப் போய் நின்றுகொண்டார்.

குறுகிய ஒரு சாணும் மெல்லத் திரும்பி ஆஸ்டின் தன் அளவுக்கு வருவதற்குள் கரட்டூர் முழுக்க வியாபாரத்தை நிறுத்தியது. யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. தக்காளிக்காரர் கூடையை மூடினார், நகைக்கடையில் ஷட்டரை இறக்கினார்கள், மண்டபத்துக்காரர், மீன்காரம்மா, ஆஸ்டினில் சம்பந்தம் முடிந்து பிள்ளை பெற்ற பெண்கள், அவர்களுடைய மாமனார்கள், முணுமுணுத்தவர்கள் உட்பட எல்லோரும் ஷெட்டைச் சுற்றி வந்து நின்றார்கள். மயில்சாமியும் திருப்பூரிலிருந்து வந்து அக்காவுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். காருக்கு முன்னால் இரண்டு ஸ்டூலைப் போட்டு இரண்டு பெண்களும் உட்கார, துப்பட்டாவுக்கடியில் கைகள் போயின.

ரெஜினாவின் விரல் அசைந்தது துணிக்கு மேல் தெரிந்தது. வசந்தாமணி இல்லை என்று தலையசைத்தாள். மறுபடியும் அசைந்தது, மறுபடியும் தலையசைத்தாள். ஆஸ்டினைப் பார்த்தேன், அது தன்பாட்டில் நின்றது. ஆனால் கொஞ்ச நேரத்தில் விளங்கிவிட்டது, வசந்தாமணி ஒவ்வொன்றுக்கும் இல்லை என்றுதான் சொல்கிறாளே தவிர, தன் பங்குக்கு ஒரு விலையும் பிடிக்கவில்லை. அவள் விரல்கள் மடங்கியே கிடந்தன. நெற்றியில் வியர்வை வழிந்தது.

"நீங்க என்ன நினைக்கறீங்கன்னு பிடிச்சுக் காட்டுங்கக்கா," என்றாள் ரெஜினா மெதுவாக.

"எனக்குத் தெரியலீங்களே."

"உங்க வண்டி. உங்களுக்குத் தெரியாம எப்படி?"

அப்போது வசந்தாமணி பேசினாள். கூட்டம் அத்தனை அமைதியாக இருந்ததால் கடைசி வரிசைவரை கேட்டது.

"எனக்கு வெல சொல்லிப் பழக்கமில்லீங். மத்தவங்க சொல்லித்தான் கேட்டிருக்கறேன். இதே ஊட்டு ஆசாரத்துல எங்கப்பனும், வந்த மாப்பிள்ள ஊட்டுக்காரங்களும் எம்பட வெலையப் பேசுவாங்க. அவிய ஏத்துவாங்க, இவரு எறக்குவாரு. கதவுக்குப் பொறத்தால நின்னு கேட்டுட்டே இருப்பேன். ஒவ்வொரு தடவைக்கும் நான் குறுகிக் குறுகி… இந்த வண்டியாச்சும் மக்கியாநாளு தன்னளவுக்கு வந்துருது. நான் வரவே இல்லீங். எத்தன ஊட்டுக்காரங்க வந்தாங்க, ஒருத்தராச்சும் எங்கிட்ட வந்து, நீ என்ன அம்மிணி சொல்றேன்னு கேக்கல."

பின்னால் நின்ற மயில்சாமி கட்டியிருந்த கையை அவிழ்த்துத் தொங்கவிட்டான். எங்களில் பலபேர் ஆசாரம் என்கிற அந்த முன்கூடத்தில் உட்கார்ந்து பலகாரம் தின்றவர்கள்தான். தரையைப் பார்த்தோம்.

ரெஜினாவின் கை துப்பட்டாவுக்கடியில் அப்படியே இருந்தது.

"இப்ப உங்ககிட்டதாங்கக்கா கேக்கறேன்," என்றாள்.

வசந்தாமணி கொஞ்ச நேரம் காரைப் பார்த்தாள். முன் கண்ணாடியிலிருந்து பின் பம்பர்வரை, அதில் ஏறி இறங்கிய பெண்கள் ஒவ்வொருவராக அவள் கண்ணுக்குள் வந்து போனார்களோ என்னவோ, முகம் மெல்லத் தெளிந்தது. மடங்கியிருந்த விரல்கள் பிரிந்தன, துணி எழும்பியது, அவள் பிடித்தாள். ரெஜினா கண்ணை மூடிக்கொண்டு அதை வாங்கினாள். யோசித்தாள். கணுவுக்கு மேல் தொட்டுக் கொஞ்சம் இறக்கிக் கேட்டாள். வசந்தாமணி விடவில்லை, பிடித்த பிடியை இன்னும் இறுக்கினாள், அந்த இறுக்கத்தில் துப்பட்டா நடுங்கியது.

"அக்கா, நான் கம்பெனிக்குக் காரணம் சொல்லணும். சீட்டுத் தோல் பழசில்லையே," என்றாள் ரெஜினா, வலியோடு சிரித்தபடி.

வசந்தாமணியும் சிரித்துவிட்டாள். அது நியாயம்தான் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஒரு விரலைக் கொஞ்சமாக, அதுவும் தானாக, தளர்த்தினாள். அடுத்த நொடி துணிக்கடியில் ஒரு கை மற்றொரு கையை முழுசாகப் பற்றியது தெரிந்தது. வழக்கத்தை எல்லாம் மறந்துவிட்டுச் சடையப்பன் சந்தைக் குரலில், "தகஞ்சிருச்சு!" என்று கத்தினார். பேரம் முடிந்தது என்று அர்த்தம், வேறொன்றுமில்லை.

ஆனால் முடியவில்லை. எந்த வழியில் பேரம் பேசினாலும், முடிந்த தொகையை இரண்டு பேரும் வாய்திறந்து ஒத்துக்கொண்டால்தான் கம்பெனியில் மதிப்பு செல்லும் என்றாள் ரெஜினா. மெக்கானிக் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார், கேட்கப்போவது அவரில்லை என்றாலும். நான் பூ நாரைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தேன், அது அறுந்ததுகூடத் தெரியவில்லை. மயில்சாமி அக்காவின் தோளில் கை வைத்தான். இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்து, மூச்சை இழுத்து, ஒன்றாகச் சொன்னார்கள்.

அந்தத் தொகையை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் நீங்கள் இவ்வளவா என்பீர்கள், அல்லது இவ்வளவுதானா என்பீர்கள், இரண்டும் எங்களுக்கு வேண்டாம். ஆஸ்டின் அசையவில்லை. சுருங்கவில்லை, பெருக்கவில்லை, ஒரு ஸ்பிரிங்கூட முனகவில்லை. ஊரில் பிறந்து வளர்ந்த நாங்கள், அது ஒரு விலையைக் கேட்டபிறகும் தன் அளவிலேயே நிற்பதை முதல் தடவையாகப் பார்த்தோம். சரியான விலை என்பதற்காகவா, சொன்ன இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் விடாமல் சொன்னதற்காகவா, எனக்குத் தெரியாது. மயில்சாமி போனை எடுத்து, பெங்களூர்க்காரரிடம் வண்டி கொடுப்பதற்கில்லை என்று சொல்லி வைத்துவிட்டான். கூட்டம் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தது, பெண்கள் அழுதார்கள், மாமனார்கள் மூக்கைச் சிந்தினார்கள், எனக்கும் கண் கலங்கித்தான் போயிற்று.

ரெஜினா துப்பட்டாவை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கையைத் தேய்த்துவிட்டாள், விரலெல்லாம் சிவந்திருந்தது. வசந்தாமணி எழுந்து, எல்லோரும் காபி குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டே, ஷெட்டிலிருந்து வீட்டுக்குப் போகிற சின்னக் கதவைத் திறந்து உள்ளே நுழைந்தாள். நடக்கத் தெரிந்த நாள் முதல் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கைவீசி நேராகப் போய்வந்த அந்த வாசலில், டங்கென்று அவள் தலை மேல்கட்டையில் இடித்தது.

கூட்டம் திரும்பிப் பார்த்தது. புடவை கணுக்காலுக்கு மேல் ஏறியிருந்தது, ரவிக்கையின் கை முழங்கையை விட்டு விலகியிருந்தது. கூட்டத்தில் நின்ற டெய்லர் கண்ணாலேயே அளவெடுத்துக்கொண்டார்.

"அய்யோ, பாத்துங்கக்கா," என்று ரெஜினா ஓடினாள். "குனிஞ்சு போங்க."

வசந்தாமணி நெற்றியைத் தேய்த்துக்கொண்டு அந்த மேல்கட்டையை ஒரு தடவை தடவிப் பார்த்தாள். பிறகு திரும்பி, எங்கள் தலைகளுக்கு மேலாக ஊரைப் பார்த்துச் சொன்னாள்.

"இனி ஆரு குனியறது? ஆசாரிய வரச் சொல்லுங்க, வாசக்கால ஒசத்தோணும்."